அசைந்தது கலங்கும்

படப்பெட்டியின் மூடியைத் திறந்து எட்டு வினாடி எண்ண வேண்டும். அசையாதது தெளிவாக விழும், அசைந்தது கலங்கிவிடும். அதனால் பிணங்கள்தான் நன்றாக வரும்.

கொள்ளைக்காரன் லெமுவல் கையைத் தூக்கிக்கொண்டுதான் சாராயக்கடையைவிட்டு வந்தான். ஷெரிஃப் ஹாஸ்கின்ஸ் சுட்டார். எதிரே என் படக்கடை ஜன்னலிலிருந்து பார்த்தேன். விசாரணையில், எதையும் பார்க்கவில்லை என்றேன்.

மறுநாள் வழக்கப்படி படம் எடுக்க, பிணத்தோடு சவப்பெட்டியைச் சுவரில் நிமிர்த்திச் சாய்த்தார்கள். ஷெரிஃப் பக்கத்தில் நின்றார். எண்ணினேன்.

கண்ணாடித் தகட்டில் ஷெரிஃபின் மீசை இழை இழையாகத் தெரிந்தது. லெமுவலின் உதடுகள் மட்டும் கலங்கியிருந்தன.

“கை நடுங்கிடுச்சாடா, குடிகாரா? இன்னொண்ணு எடு.”

கை நடுங்கினால் படம் முழுவதும் கலங்கும். இரண்டாவதிலும் உதடுகள் மட்டும்தான்.

“என் மூஞ்சி நல்லா இருக்குல்ல? போதும். அவனப் புதைங்கடா.”

மாலையில் அவன் அக்கா அடீலியா வந்தாள்.

“கடைசியா ஏதாச்சும் சொன்னானாய்யா?”

“நான் எதையும் பாக்கலம்மா.”

அவள் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். படம் பிடிக்கும் விதத்தை விவரமாகக் கேட்டாள். சொன்னேன்.

“எட்டு வினாடியும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கான். நீங்க எதிர்ல நின்னு எண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்க.”