காற்றில் அணையாத லைட்டர்

காசிராஜன் கண்ணாடி மேசைமேல் கை வைத்தான். கையை எடுத்தபோது அங்கே ரத்தக் கறை இருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"பாய், லைட்டர் எடும். சுருட்டு பத்த வைக்கிற லைட்டர். காத்துல அணையக் கூடாது."

கரீம் பாட்சா அவனுடைய சட்டையைப் பார்த்தார். முழங்கைவரை தெறித்திருந்த ரத்தம் இன்னும் காயவில்லை. தாராவி தொண்ணூறடி ரோட்டில் டார்ச், கடிகாரம், லைட்டர் விற்கும் சிறிய கடை அவருடையது. காசிராஜன் பீடிகூடப் பிடிக்காதவன் என்பது அவருக்குத் தெரியும்.

அவனுக்கும் பக்கத்துச் சந்து அய்யாத்துரைக்கும் இருந்த பகை எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் கோயில் கொடைத் திருவிழாவில் காசிராஜன் அய்யாத்துரையின் தோளில் அரிவாளை இறக்கினான். பதிலுக்கு அய்யாத்துரையின் ஆட்கள் அவன் தம்பியின் காலை இரும்புக் கம்பியால் உடைத்தார்கள். 'பிள்ளைகுட்டியோட வீட்டக் கொளுத்துறேன் பாரு' என்று காசிராஜன் நடுரோட்டில் நின்று கத்தியதைக் கரீம் பாட்சா தம் காதால் கேட்டிருந்தார். இப்போது ஜாமீனில் வந்திருக்கிறான்.

"யாருக்குப்பா சுருட்டு?"

"அத ஏன் கேக்கீரு?"

பெட்ரோல் லைட்டர் ஒன்றை எடுத்து வைத்தார். காசிராஜன் மூடியைத் திறந்து முகர்ந்தான்.

"இது ஆகாது. பெட்ரோல் வாடை சுருட்டுல ஏறிரும்."

அடுத்து, சாதாரண கேஸ் லைட்டர். அதை மின்விசிறிக்கு நேரே பிடித்தான், சுடர் அணைந்தது. அவன் அதைத் தரையில் ஓங்கி அடித்தான். பிளாஸ்டிக் துண்டுகள் நாலாபக்கமும் சிதறின.

"ஒத்த அமுக்குல பத்தணும் பாய். ரெண்டாவது அமுக்குக்கு வழி கிடையாது."

"தம்பி, ஒரு கட்டிங் சாயா சொல்றேன், குடி. கோவம் ஆறட்டும். நாளைக்கு வா, பக்கா சரக்கா எடுத்து வைக்கிறேன்."

அடுத்த நொடி அவருடைய காலர் காசிராஜனின் பிடியில் இருந்தது. தள்ளிய வேகத்தில் அவர் தலை பின்னாலிருந்த அலமாரியில் மோதியது. கடிகாரங்கள் இரண்டு விழுந்து உடைந்தன.

"நாளைக்கா? இன்னைக்கு மத்தியானத்தோட முடியணும்வே இந்தப் பகை."

கரீம் பாட்சா தலையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தார். மேல் தட்டிலிருந்து ஜெட் லைட்டரை எடுத்து, மின்விசிறிக்கு அடியில் எரித்துக் காட்டினார். நீல நெருப்பு ஊசிபோல நின்று சீறியது.

"இதான். இதுல புதுசு குடும்."

புது லைட்டர் கேஸ் இல்லாமல்தான் வரும். விற்கும்போது கரீம் பாட்சாவே நிரப்பிக் கொடுப்பார். அதற்கென்று யாரிடமும் தனியாகக் காசு வாங்கியதில்லை. கேஸ் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து அழுத்தினால்தான் உள்ளே இறங்கும். நிமிர்த்திப் பிடித்தால் சத்தம்தான் வரும், கேஸ் அவ்வளவாக இறங்காது. ஒரு தடவை எரியும், அவ்வளவுதான்.

அன்று அவர் டப்பாவை நிமிர்த்திப் பிடித்தார்.

உஸ்ஸென்று சத்தம் கேட்டது. காசிராஜன் லைட்டரை வாங்கி ஒரு முறை அமுக்கினான். நீல நெருப்பு சீறியது. திருப்தியோடு பையில் போட்டுக்கொண்டவன், வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தான். கசங்கிய காலரைத் தன் கையாலேயே நீவிவிட்டான்.

"மன்னிச்சுக்கிடும் பாய். டென்ஷன்ல கை வச்சிட்டேன்."

அவன் போனதும் கரீம் பாட்சா கண்களை மூடினார். வியாபாரத்தில் ஏமாற்றுவது பாவம்தான். ஆனாலும் ஒரு குடும்பம் பிழைத்தது. அல்லா பொறுத்துக்கொள்வான்.

மேசையிலிருந்த ரத்தத்தை அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது, அய்யாத்துரையின் மனைவி மாடத்தி மூச்சிரைக்க வந்து நின்றாள். புதுப் புடவை, தலை நிறையப் பிச்சிப்பூ.

"மாடத்தி, பிள்ளைகள உடனே வீட்டுல இருந்து வெளிய கூட்டிட்டு வா. காசிராஜன் இப்பத்தான் லைட்டர் வாங்கிட்டுப் போறான். கையெல்லாம் ரத்தம்."

மாடத்தி சிரித்தாள். "அது கிடா ரத்தம் பாய். ரெண்டு வீடும் சேந்து வாங்கின கிடா, அவன்தான் பிடிச்சான். லைட்டர் வாங்கிட்டானான்னு பாக்கத்தான் நானே ஓடி வாரேன்."

"உனக்கு எதுக்கு அந்த லைட்டர்?"

"இன்னைக்குச் சுடலைமாடனுக்கு மதியக் கொடைல்லா. மாடன் எங்க வீட்டுக்காரர் மேலதான் வரும். வந்ததும் சுருட்டு கேக்கும். வெட்டினவன் கையால அத ஒரே தடவையில பத்த வச்சிட்டா பகை தீந்துதுன்னு பெரியாளுங்க பேசி முடிச்சிருக்காவ. இவன் வெக்கப்பட்டுக்கிட்டு யார்ட்டயும் சொல்லாமத் திரியான்."

கரீம் பாட்சாவின் கை கேஸ் டப்பாவைத் தேடியது. சந்துக்குப் பின்னால் கோயிலில் மேளம் உச்சத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது.

"ஒரே தடவையில பத்தலன்னா?"

"மாடன் மன்னிக்கலன்னு அர்த்தம். குனிஞ்சு நிக்கிற கழுத்துல சாமி அருவாள இறக்கிரும். குறுக்க யாரும் போவ முடியாது."

அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். மேளம் சட்டென்று நின்றது.

"சுருட்டு கேட்டாச்சு," என்ற மாடத்தி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னாள்.

"பயப்படாதீங்க பாய், நீங்க கேஸ் போட்டுக் குடுத்த லைட்டர்லா."