சகலையின் பெஞ்சு

ஏரிக்கு வரும் தண்ணீர் கெடக்கூடாதென்று, கடிகாரக் கடைக்காரரும் அவருடைய சகலையும் ஓடையின் இருபுறமும் எதிரெதிரே இருந்த தங்கள் மலைச்சரிவுகளை ஊருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நடைபாதையும் வந்தாயிற்று. ஆனால் பெஞ்சு மட்டும் சகலையின் சரிவில் போய் உட்கார்ந்துகொண்டது. சாயங்கால வெயிலில், அதன் பித்தளைத் தகட்டில் சகலையின் பெயர் பல்லைக் காட்டுகிறது. நடக்க வருகிறவர்களெல்லாம் அங்கேதான் உட்கார்ந்து, "அடடா, என்ன அழகு!" என்கிறார்கள். கடைக்காரருக்கு வயிறு எரிகிறது. தூசி தட்டுவதுபோலக் கைக்குட்டையைத் தகட்டின்மேல் விரித்து மூடிவிட்டு உட்காருகிறார். "நம்ம சரிவுல ஒருத்தனாவது நிக்கிறானா பாரு."

"இங்கேருந்து தெரியறதே நம்ம சரிவுதாங்க," என்கிறாள் பக்கத்தில் உட்கார்ந்த மனைவி. "எல்லாரும் அழகுன்னு சொல்றது அதைத்தான்."

நிமிர்ந்து பார்க்கிறார். பொன்னாய்ப் புல், நடுவில் மினுங்கும் ஓடை. முகம் மலர்கிறது. மலர்ந்த வேகத்திலேயே சுருங்குகிறது.

"அப்போ உங்கக்கா புருஷன் தினமும் இங்க உக்காந்து இதை ஓசியிலயா பாக்கறான்?"