மூக்கு சிவந்தவன்

"இவனுக்கு வேற வேலையே இல்லையா?"

கண்ணாடிக் கடைக்காரர் போனை மேஜைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டார்.

"யாருங்க?" என்றாள் மனைவி, மூக்குக்கண்ணாடிகளைத் துடைத்தபடி.

"அதான், 'மூக்கு சிவந்தவன்'னு பேர் வச்சுக்கிட்டு ஒருத்தன். நம்ம கடையோட இணையப் பக்கத்துல வந்து தினம் ஒரு கேள்வி. நேத்து, சட்டை நுனியில துடைக்கலாமான்னான். இன்னைக்கு, குனிஞ்சா கண்ணாடி நழுவுதாம். காதைப் பெருசாக்க முடியுமான்னு கேக்கறான்!"

"பாவம், பதில் சொல்லுங்களேன்."

தெருமுனையில் பெரிய கடை திறந்ததிலிருந்து இங்கே ஈ ஓட்டும் வேலைதான். இப்படியே போனால் ஆறு மாதத்தில் இதை மூடிவிட்டு, அங்கேயே போய் வேலை கேட்க வேண்டியதுதான். அந்தப் பயத்தில்தான் இணையத்தில் கடைக்கென்று ஒரு பக்கம் தொடங்கி, தினமும் எழுதினார். 'பார்வை ஒரு வரம்! நம்பிக்கைக்கு மறுபெயர் நாங்களே!' கூடவே ஒரு ரோஜாப்பூ.

மூன்று லைக் விழும். ஒன்று அவருடையது. ஒன்று மனைவியுடையது. மூன்றாவது மனைவியின் தம்பியுடையது.

அந்தத் தம்பிக்கு, சின்னக் கடைக்காரர்களுக்கு இணையத்தில் எழுதச் சொல்லிக்கொடுப்பதுதான் தொழில். உதவ வந்தவனைப் போன மாதம் விரட்டிவிட்டிருந்தார்.

"மாமா, ரோஜாப்பூவை விடுங்க. வர்றவங்க என்ன..."

"மாப்ளே, நான் இருபது வருஷமா கடை நடத்தறேன். நீ எனக்கு வியாபாரம் சொல்லித் தர்றியா?"

அவன் கிளம்பிவிட்டான்.

கடைக்காரர் போனை எடுத்துப் படபடவென்று தட்டினார். 'காதைப் பெருசாக்க முடியாதுய்யா. காதுக்கம்பியைத்தான் வளைக்கணும். கடைக்கு வந்தா ரெண்டு நிமிஷ வேலை. நீங்களே வளைச்சு உடைச்சுட்டு அப்புறம் என்னைத் திட்டாதீங்க.'

கோபத்தில் ரோஜாப்பூ போட மறந்துவிட்டார்.

அந்தப் பதிலை நாற்பது பேர் தெரிந்தவர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். மறுநாள் மூன்று பேர் கம்பி வளைக்க வந்தார்கள். அதில் ஒருவர் புதுக் கண்ணாடிக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

மூக்கு சிவந்தவன் கேட்பதை நிறுத்தவில்லை. இவர் திட்டுவதையும் நிறுத்தவில்லை.

'நனைஞ்ச கண்ணாடியை அடுப்புப் பக்கத்துல காய வைக்கலாமா?'

'தாராளமா. அது நெளிஞ்சு போனதும் என்கிட்ட வாங்க.'

இரண்டு மாதத்தில் கடையில் உட்கார இடமில்லை. இன்னும் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் சாப்பிட வந்தான்.

"பாத்தியா மாப்ளே! உன் பாடமெல்லாம் இல்லாமலே கூட்டம் அள்ளுது. எழுதறதுக்குன்னு ஒரு கை வேணும்."

"ஆமா மாமா."

"வேணும்னா என்கிட்ட வந்து கத்துக்கோ. உன்கிட்ட படிக்கிறவங்களுக்கும் உதவும்."

"கண்டிப்பா மாமா."

கடைக்காரரின் முகம் திடீரென்று வாடியது. "ஒண்ணுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அந்த மூக்கு சிவந்தவனை நாலு நாளா காணோம். ரொம்பத் திட்டிட்டேனோ என்னவோ. நல்ல மனுஷன்."

மைத்துனனின் இடது கை மேஜைக்குக் கீழே போனது.

சற்று நேரத்தில் கடைக்காரரின் போன் சிணுங்கியது. 'ஐயா, கழட்டி வச்ச கண்ணாடியைத் தேடவே இன்னொரு கண்ணாடி வேணும்போல இருக்கே, என்ன பண்ணலாம்?'

"வந்துட்டான்யா!" பாதிச் சாப்பாட்டில் எழுந்து, பதில் எழுத உள்ளறைக்கு ஓடினார்.

அக்கா மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"அடப்பாவி! நீ கண்ணாடியே போடறதில்லையே. எங்கேருந்துடா இத்தனை கேள்வி புடிச்சே?"

"அவர் என்னை விரட்டின அன்னைக்கு, காலையிலேருந்து கடையிலதான்கா உக்காந்திருந்தேன். வந்தவங்க கேட்டதை எல்லாம் குறிச்சு வச்சுக்கிட்டேன்."

"அப்ப அவரு?"

"மாமா யாருக்கும் பதிலே சொல்லலைக்கா. போன்ல நல்ல ரோஜாப்பூவாத் தேடிக்கிட்டிருந்தாரு."