நாலாம் நம்பரில் மட்டும் காற்று

பழைய காரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, ரிடையரான வாத்தியார் பக்கத்தில் நின்ற மனைவிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"ஹீட்டர் ஃபேன் ஒண்ணு, ரெண்டு, மூணுல சுத்தல. நாலுல மட்டும் பேயா அலறுது. அப்ப மோட்டார் நல்லாத்தான் இருக்கு. வேகத்தைக் குறைக்கிற ரெசிஸ்டர்தான் அவுட். ஏன்னு கேளு."

"கேக்க மாட்டேன்."

"நாலுல வச்சா கரண்ட் ரெசிஸ்டருக்குப் போகாம நேரா..." உள்ளே துழாவிய கை நின்றது. "அட, அதுக்குப் போற பிளக்கே கழண்டு கிடக்கு! இது தெரியாம புது ரெசிஸ்டர் வாங்கிட்டு வந்திருக்கேனே, என்னை மாதிரி மக்கு உண்டா? வண்டி குலுங்கினதுல கழண்டிருக்கும்."

"குலுங்கலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் பிடுங்கி விட்டேன்."

வாத்தியார் நிமிர்ந்த வேகத்தில் தலை டேஷ்போர்டில் இடித்தது. "எதுக்குடி?"

"நாலுல வச்சாத்தான் உங்க பேச்சு காதுல விழாது. நான் வச்சா, நீங்க உடனே குறைச்சுடுறீங்க. அதான், குறைக்கவே முடியாதபடி பண்ணிட்டேன்."

"அது சரி, இத்தனை வயருக்கு நடுவுல இந்தப் பிளக்குதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க அக்கா வீட்டுக்குப் போறப்ப வழியெல்லாம் அதைத்தானே சொல்லிட்டு வந்தீங்க?"

தலையைத் தடவிக்கொண்டிருந்த வாத்தியாரின் முகம் மலர்ந்தது.

"என் சர்வீஸ்லயே என் பாடத்தைக் கவனிச்ச முதல் ஆள் நீதாண்டி!"