வகை: வருகை

டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளை மூடுபனி ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தது.

கஜந்தியின் கணினித் திரையிலும் புள்ளிகள் மறைந்துகொண்டிருந்தன. கடலில் நிற்கும் காற்றாலைகளைப் பழுதுபார்க்கப் போனவர்கள், ஆளுக்கொரு நீலப் புள்ளி. புறப்படும்போது கைபேசியில் அழுத்தினால் புள்ளி எரியும்; கரைக்கு வந்ததும் மறுபடி அழுத்துவார்கள். புள்ளி அணைந்துவிடும்.

இப்போது திரை வெறுங்கடல். மிச்சம் யாருமில்லை என்று கடைசிப் படகும் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

கரையில் கால் வைத்ததும் கூப்பிடுகிற அவள் கணவன் ஜதுர்சன் இன்னும் கூப்பிடவில்லை.

"பனியில சிக்னல் இருக்காதுங்க. உங்க வீட்டுக்காரர் மீன்கடையில டேனிஷ்காரன்கிட்ட பேரம் பேசிட்டு நிப்பாரு," என்றாள் பக்கத்து இருக்கை சண்முகப்ரியா.

கஜந்தி சிரிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த நிரலுக்குள் இறங்கினாள்.

ஃபங்ஷனல் நிரல்மொழி ஒன்றில் அவள் எழுதிய நிரல். எழுதும்போது ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வகை உண்டு. ஓடத் தொடங்கியதும் வகைகள் உதிர்ந்துவிடும். பிறகு எந்த மதிப்புக்கும் தான் யாரென்று தெரியாது, கனவில் நடக்கிறவர்களைப் போல. அதனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அடையாளத்தை வைத்திருந்தாள், ஓட்டத்தின் நடுவே மறித்துக் கேட்பதற்கு.

ஜதுர்சனின் பெயரில் இன்றைக்கு ஒரே ஒரு செய்தி. அதை மறித்துக் கேட்டாள்: நீ என்ன வகை?

வருகை, என்றது.

"பாத்தீங்களா? டைப் பொய் சொல்லாது."

"புறப்பாடு இல்லையே."

"காலைல அழுத்த மறந்திருப்பாரு."

கஜந்தியின் கை அதற்குள் தொலைபேசியில் இருந்தது. படகோட்டிக்கு டேனிஷில் சொன்னாள்: திரும்பிப் போ, ஓராள் இன்னும் காற்றாலையில் நிற்கிறார்.

"எப்படிங்க அவ்வளவு நிச்சயமா?"

"அவர் மறக்கேல்லை," என்றாள்.

செய்தி வந்த நேரத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

அன்று காலையில், வீட்டு வாசலில், ஜதுர்சன் குனிந்து சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தான். கைபேசியை அவளிடம் நீட்டி, "நீரே அமத்திவிடும்," என்றான்.

இரண்டு பொத்தான்கள். போகிறேன். வருகிறேன். இரண்டையும் அங்கே வைத்தவளே அவள்தான்.

முதலாவதன் மேல் போன விரல் அப்படியே நின்றது. கடலுக்குப் போகிறவன், போகிறேன் என்று சொல்லக்கூடாது. பக்கத்துப் பொத்தானை அழுத்தினாள்.

"போயிட்டு வாறன்," என்று அவன் படியிறங்கினான்.