நாற்பத்தொன்றாவது சீட்டு

ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து, வியர்வை படாமலிருக்கக் கைக்குட்டையையும் மடித்துச் செருகிக்கொண்டார் சவரியார் உபதேசியார். இன்னும் அரை மணி நேரம் சைக்கிள் மிதித்தால் சேந்தமங்கலம். கடிதத்தைப் பங்குச் சாமியார் கையில் கொடுத்துவிட்டால் பதினொரு வருஷத்துப் பாரம் இறங்கிவிடும்.

போதும்டா சாமி என்றாகிவிட்டது அவருக்கு. கொல்லிமலை அடிவாரத்து ஊர்களில் வேதம் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதை. மூன்று வருஷம் படித்து ஞானஸ்நானத்துக்குத் தயாராக இருந்த ஒரே குடும்பமும் போன மாதம் பிழைப்புத் தேடி மேட்டூருக்குப் போய்விட்டது. நாமக்கல்லில் மச்சினன் தன் லாரி ஆபீஸில் நாற்காலி போட்டுக் காத்திருக்கிறான்.

வழியில் இன்னாசிமேரியின் குடிசைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“உபதேசியாருங்களா? செயின் கத்தற சத்தத்துலயே தெரிஞ்சுக்கிட்டனுங்க. ஒரு எட்டு உள்ள வந்துட்டுப் போங்க!”

இன்னாசிமேரி ஜவ்வரிசி காய்ச்சும் சேகோ மில்லில் வேலை பார்த்தவள். மூட்டை சரிந்து இடுப்பில் விழுந்ததிலிருந்து நாலு வருஷமாகக் கயிற்றுக் கட்டிலே கதி. அவள் கூப்பிட்டுப் போகாமலிருக்க அவருக்கு மனசு வராது. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார்.

“ஒரு கடுதாசி எழுதோணுமுங்க. என்ற சீட்டுக்காரருக்கு.”

சவரியாருக்குச் சிரிப்பு வந்தது. போன வருஷம் வேதபோதக ஞாயிறன்று சாமியார் கண்டுபிடித்த புதுமை அது. தூர தேசங்களில் வேதம் பரப்புகிறவர்களின் பேரைச் சீட்டில் எழுதி, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து, அவருக்காக ஒரு வருஷம் தினமும் வேண்டிக்கொள்ளச் சொன்னார். யாருக்கு யார் என்று வெளியே சொல்லக் கூடாது.

ஆப்பிரிக்கா, பர்மா, ஜப்பான் என்று வாயில் நுழையாத நாற்பது பேர்களை எழுதிக் கை ஓய்ந்தவர் சவரியார்தான். வீடுகளோ நாற்பத்தொன்று. மிச்சம் ஒன்றைத் தாமே எழுதிக்கொள்வதாகச் சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் சாமியார்.

“வார ஞாயித்துக்கிழமை சீட்டைத் திருப்பிக் குடுத்துப்போட்டுப் புதுசு வாங்கோணுமாமுங்க. அதுக்குள்ள அவருக்கு நாலு வார்த்தை சொல்லிப்போடோணும்” என்றாள் இன்னாசிமேரி.

“காயிதம் இருக்குதுங்களா?”

“இந்த ஊட்டுல காயிதத்துக்கு எங்கீங்க போறது?”

சவரியாரிடமும் ஒரே தாள்தான் இருந்தது. ராஜினாமாவை எடுத்து வெற்றுப் பக்கத்தைத் திருப்பினார். அதைச் சாமியார் பங்களாவில் வேறு தாள் வாங்கி மறுபடி எழுதிக்கொண்டால் போகிறது.

“ம், சொல்லுங்க.”

“ஐயா சாமி, என்னைய உங்களுக்குத் தெரியாது. நானும் உங்களப் பாத்ததில்லீங்க. காடு மலைன்னு அலையறீங்களாம், சாமியார் சொன்னாரு. அந்த ஊருச் சனம் காது குடுத்துக் கேக்கறதில்லையாமா...”

“மெதுவாச் சொல்லுங்க. கை நோவுது.”

“வெடியால நாலு மணிக்கு எனக்கு வலி எந்திரிச்சுக்குமுங்க. அந்நேரத்துக்கு உங்களுக்குன்னு ஒரு ஜெபமாலை சொல்லீருவேன். காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட ஒரு நாள் தப்புனதில்ல.”

சவரியாருக்கு வயிறு எரிந்தது. கப்பலேறிப் போனவனுக்காக இங்கே ஒருத்தி உயிரை விடுகிறாள். இந்த வெயிலில் செயின் கழலக் கழல மிதிக்கிறவன் இருக்கிறானா செத்தானா என்று கேட்க ஒரு நாதி உண்டா? பொறாமைதான், வேறென்ன. அதை நினைத்து வெட்கமும் பட்டுக்கொண்டே எழுதினார்.

“அலுப்பா இருந்தாலும் உட்டுப்போட்டுப் போயிராதீங்க சாமி. எனக்குக் காலு ரெண்டும் போயிருச்சு. உங்க காலுலதான் நானும் நாலு ஊருக்குப் போயிட்டு வாரேன்னு நெனச்சுட்டிருக்கறேன். நீங்க நின்னுட்டீங்கன்னா எனக்கு வேற காலு இல்லீங்க. இப்படிக்கு, இன்னாசிமேரி.”

எழுதி முடித்தபோது அவருக்குக் கண் கரித்தது. வியர்வை என்று சொல்லிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

“சரி, விலாசத்துக்கு அந்தச் சீட்டைக் குடுங்க.”

தலையணைக்கு அடியிலிருந்த ஜெபமாலை டப்பாவைத் திறந்து, கசங்கிய சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள் இன்னாசிமேரி.

“ஒருத்தருகிட்டயும் காட்டலீங்க. எனக்குப் படிக்கவும் தெரியாது. சீட்டுல இருக்கறவருன்னு சொன்னாச் சர்வேசுரனுக்குத் தெரியாதுங்களா?”

சவரியார் பிரித்தார். அவருடைய எழுத்து அல்ல. சாமியாருடைய சாய்ந்த எழுத்து. ஒரு முறை படித்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் படித்தார். திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஏனுங்க, ரொம்பத் தொலவுங்களா? எத்தனைக்கு ஸ்டாம்பு ஒட்டோணும்?”

சவரியார் தாளை நாலாக மடித்துத் தம் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“ஸ்டாம்பு வேண்டாமுங்க. கடுதாசி எனக்குத்தான், வந்து சேந்துருச்சு.”