சட்டத்தில் இடமில்லை

"கேக் விக்கணும்னு மாமனாரையே வீட்டை விட்டு அனுப்பிட்டா, மகராசி."

மேல்வீட்டுக்காரி பற்ற வைத்த இந்தப் பேச்சு அரை நாளில் தெருமுனை வரை போய்விட்டது. மருமகள் காதிலும் விழுந்தது. முதியோர் இல்லத்துக்கு அனுப்பியது உண்மைதான்.

மாமனார் நகராட்சி சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் மருமகள்தான். மகனுக்கும் அப்பா மேல் பாசம் உண்டு. அவரைத் தூக்க வேண்டிய நேரத்தில் மட்டும் எங்காவது போயிருப்பான்.

அந்த மகன் வேலை பார்த்த ஃபேக்டரியை இழுத்து மூடிவிட்டார்கள். அவளுக்குத் தெரிந்த ஒரே தொழில் கேக். சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் சும்மா செய்து கொடுத்துக்கொண்டிருந்ததை இனி வீட்டிலிருந்தே செய்து விற்கலாம் என்று முடிவானது.

விற்பதென்றால் லைசன்ஸ் வேண்டும். வீட்டு ஓனர் சம்மதம், தண்ணீர்ப் பரிசோதனை, அவளுக்கு டாக்டர் சர்டிபிகேட், சமையலறை ஜன்னலுக்கு வலை என்று ஒவ்வொன்றாகக் கணவன் அலைந்து முடித்தான். கடைசியில் ஒருநாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"படுத்த படுக்கையா நோயாளி இருக்கிற வீட்ல சாப்பிடற பொருள் செஞ்சு விக்கக் கூடாதாம். சட்டத்துல இடமில்லையாம்."

அப்படியானால் கேக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். மாமனாரின் பென்ஷன் வாடகைக்கே சரியாகப் போய்விட, சமையலறை டப்பாக்கள் காலியாகிக்கொண்டே வந்தன. மாமனாருக்கே மாத்திரை வாங்க வழியில்லை என்று ஆனபோது அவள் பிடிவாதமும் போய்விட்டது.

காசு வாங்காத இல்லம் ஒன்று கிடைத்தது. வண்டியில் ஏற்றும்போது மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் தன் மேல் கோபம் என்று நினைத்து அவள் அழுதாள்.

அதற்குப் பிறகுதான் லைசன்ஸுக்காக வீட்டைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வந்தார். அடுப்பு, ஃபிரிட்ஜ், குப்பைத்தொட்டி எல்லாம் பார்த்துவிட்டு ஹாலுக்கு வந்தவர், வெறும் கட்டிலைப் பார்த்து யாருடையது என்று கேட்டார்.

"மாமனாரோடது சார். இப்ப இங்க இல்லை. சட்டப்படி அவரை வேற இடத்துக்கு அனுப்பிட்டோம்" என்றாள் அவசரமாக.

"எந்தச் சட்டப்படி?"

சொன்னாள். இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"அப்படி ஒண்ணும் கிடையாதும்மா. தொத்து வியாதி இருக்கிறவங்க சமையல்ல கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். பக்கவாதம் தொத்திக்கிற வியாதியா? சமையல்கட்டுக் கதவைச் சாத்தி வெச்சா போதும். அவர் பாட்டுக்கு இங்க இருக்கலாம்."

கணவன் முகம் வெளுத்துப் போனது. "நல்லாத் தெரியுமா சார்?" என்று மட்டும் கேட்டான். எவ்வளவு நன்றாக நடிக்கிறான் என்று நினைத்தாள் அவள்.

லைசன்ஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் படியிறங்கும் வரைதான் பொறுத்தாள்.

"பெத்த அப்பா பாரமா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. இல்லாத சட்டத்தைச் சொல்லி, என் கையாலயே அவரை அனுப்ப வெச்சீங்களே."

அவன் வாயைத் திறந்தான். என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான். வா, போய்க் கூட்டி வந்துவிடலாம் என்று சட்டையை எடுத்தவனை, நீங்கள் வர வேண்டாம் என்று தடுத்துவிட்டு அவள் மட்டும் கிளம்பினாள்.

இல்லத்தில் வரிசையாகக் கட்டில்கள். பினாயில் நெடி. மாமனாருக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள், அசையாத கைப்பக்கம். உதடு வறண்டு வெடித்திருந்தது. அவள் நிமிர்த்தித் தண்ணீர் கொடுத்தாள். துடைப்பதற்காகப் புரட்டியபோது முதுகில் புண் கண்டிருந்தது. ஒருநாளும் அவள் வரவிடாத புண். அவளால் அழுகையை அடக்க முடியவில்லை.

"லைசன்ஸ்?" என்று குழறலாகக் கேட்டார் மாமனார்.

"அது வந்துடும் மாமா. ஆனா அப்படி ஒரு சட்டமே இல்லையாம். உங்க பிள்ளை நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டார். இனிமே அவர் முகத்துல நான் முழிக்க மாட்டேன். நீங்க வாங்க, வீட்டுக்குப் போலாம்."

மாமனாரின் இடது கை தடவித் தடவி அவள் கையைப் பிடித்தது. வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"அவனைத் திட்டாதேம்மா. பாவம், அவனும் நிஜம்னுதான் நம்பினான். சட்டம்னு அவன்கிட்ட சொன்னதே நான்தான். நான் சொன்னேன்னு உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் மாமா இப்படிப் பண்ணினீங்க?"

"என்னைப் பார்த்துக்கவே உனக்குப் பொழுது சரியாப் போச்சு. நீ எப்பத் தொழில் பண்றது, எப்பச் சாப்பிடறது?" மூச்சு வாங்க நிறுத்தினார். பிறகு கேட்டார்.

"நானாப் போறேன்னு சொல்லியிருந்தா, நீ விட்டிருப்பியாம்மா?"